எந்த இணைப்பு யாருடையது

மத்தியானத்திலிருந்தே இளையவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. லேஸ் பின்னும் திண்டின் முன் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், தூசி வரும் என்று சாத்தினாள், மறுபடி உட்கார்ந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவன், "என்ன, காலில சக்கரமா கட்டியிருக்க?" என்றான். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள். அவன் அனுபவஸ்தன். பேப்பரை மடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

விஷயம் இதுதான். திண்டின் மேல் ஒரு மணப்பெண்ணின் முக்காட்டுக்கான லேஸ் விளிம்பு கிடந்தது. இன்னும் நாலு விரல் பின்னினால் சுற்று முடிந்து, முடிவு போய்த் தொடக்கத்தோடு சேர வேண்டும். விளக்கு வைப்பதற்குள் தையற்காரம்மா வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

ஒரே திண்டில் இரண்டு பேர் பின்னிய லேஸ் அது. காலையில் மூத்தவள், சாயங்காலம் இளையவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். மூத்தவள் திடீரென்று ஒருநாள் திண்டை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். சாயங்கால வெயில் இளையவளின் மூஞ்சியில் அடித்தது. கேட்டதற்கு, "இங்கதான் இருக்கும்" என்று ஒரே பதில். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் அளந்துதான் பேச்சு. "இந்த வேலையில ஏதாவது கெட்டுப்போச்சுன்னா, இனிமே அவங்கவங்க திண்டு அவங்கவங்களுக்கு" என்று மூத்தவள் முடிவாகச் சொல்லியிருந்தாள். ரொம்ப நல்லதாய்ப் போயிற்று என்று இளையவள் வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் பயந்து செத்தாள். தனித் திண்டு என்றால் அந்த வீட்டில் தனி அடுப்பு மாதிரிதான்.

இதில் சிவப்பு நூல் வேறு. லேஸ் பின்னுகிறவர்களுக்கு முடிச்சு என்றாலே ஆகாது. நூல் சுற்றிய பின்னல் கட்டையில் நூல் தீரப்போகிறதென்றால், புது நூலைப் பழைய நூலோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகப் பாவித்துக் கொஞ்ச தூரம் பின்னிவிட்டுப் பழையதை விட்டுவிட வேண்டும். நுனிகளைப் பிறகு ஒட்ட நறுக்கினால், இணைத்தவளுக்கே இடம் தெரியாது. அப்படிப்பட்ட இணைப்புகளில் சிலவற்றின் மேல் மூத்தவள் துளித் துளியாகச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தாள். தன் இணைப்புகளுக்குத்தான் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாள் என்று இளையவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம், பின்னி முடித்துத் துணிப்பையில் சுருட்டி வைத்திருந்த பகுதியை வெளியே இழுத்து, கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் பிடுங்கி எறிந்தாள். பிடுங்கிய கையோடு, அவசர அவசரமாக ஒரு நூலை இணைத்துவிட்டு எழுந்து போனாள்.

இன்று காலை மூத்தவள் வெளியே கிளம்பும்போது, "கடைசி இணைப்பை நீயே போட்டுடு. தொடக்கத்துல சிவப்பு நூலை மடிச்சு வெச்சிருக்கேன், அதுல கோத்து இழுத்தா போதும்" என்றாள்.

இளையவளின் முகத்தில் ஈயாடவில்லை. தொடக்கத்திலிருந்த சிவப்பு, முடிவு நூலை உள்ளே இழுப்பதற்காக மூத்தவள் முன்யோசனையோடு பதித்து வைத்த மடிப்புகள். வெண்ணெயிலிருந்து மயிரை உருவுவது போல அவற்றையும் அவள் உருவிப் போட்டிருந்தாள்.

மீதி நாலு விரலை எப்படிப் பின்னினாளோ, அவளுக்கே தெரியாது. பிறகு, இருப்பதிலேயே மெல்லிய கொக்கி ஊசியை எடுத்து, தொடக்கத்தில் பின்னும்போது குண்டூசி குத்தியிருந்த துளை ஒவ்வொன்றிலும் நுழைத்து, முடிவு நூலை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தாள். ஒன்று வந்தது, ஒன்று நழுவியது. எழுந்து தண்ணீர் குடித்தாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தாள். கடைசியில் குண்டூசிகளை எடுத்துவிட்டு விரலால் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்பாடா, இதைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கண் இரண்டும் கலங்கிச் சிவந்திருந்தன.

"என்னக்கா இது?"

"கண் டாக்டர்கிட்ட போனேன். மருந்து விட்டிருக்காங்க. நாளைக்கு வரைக்கும் கிட்டத்துல ஒண்ணும் தெரியாதாம். முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"சிவப்பு நூல்ல சுலபமா வந்துதா?"

"வந்துது" என்று கூசாமல் சொன்னாள் இளையவள்.

மூத்தவள் தடவித் தடவி உட்கார்ந்தாள். "அப்படியே மத்த சிவப்பு இருக்கிற இடத்தையும் ஒரு தடவை பாத்துடு. அதெல்லாம் நான் போட்ட இணைப்பு. ரொம்ப நாளாவே கண்ணு சரியில்ல. ஜன்னல் வெளிச்சத்துலகூட குத்துமதிப்பாதான் போட்டேன். நீ பாத்து சரி பண்ணுவேன்னுதான் அடையாளம் கட்டினேன். உன்கிட்ட வாயைத் திறந்து கேக்க ரோஷம்."

இளையவள் லேஸைத் திரும்பிப் பார்த்தாள். 'பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு' என்று ஒரு வார்த்தை போதும். லேஸில் குறை பார்க்கக்கூடிய கண் இந்த வீட்டில் இப்போது தன்னுடையது மட்டும்தான். வாசலில் தையற்காரம்மாவின் குரலும் கேட்டுவிட்டது.

"பிடுங்கிட்டேன்க்கா."

"எதை?"

"எல்லாத்தையும். தொடக்கத்துல இருந்ததையும் சேத்து. என் தப்பைத்தான் குறிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ எது என்னோடதுன்னு எப்படிடி கண்டுபிடிப்ப?"

கண்டுபிடிக்க முடியாது. தையற்காரம்மாவை வாசல் அறையில் உட்காரவைத்துவிட்டு, கறுப்புத் துணியை விரித்து, இளையவள் விளிம்பு முழுவதையும் விரல் விரலாக இழுத்துப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். எல்லாம் கல் போல நின்றன. மூன்றாவது மூலை தாண்டியதும் ஓரிடத்தில் நூல் நுனி பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. சேர்த்துப் பின்ன வேண்டிய தூரத்தில் பாதிகூடப் பின்னாமல் நறுக்கப்பட்டிருந்தது. அந்த இடம் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. சிவப்பைப் பிடுங்கிய சாயங்காலம் போட்டது.

ஊசியில் புது நூல் கோத்து, பழைய நூலின் தடத்திலேயே கூட ஓட்டி, மெதுவாக அடைத்தாள்.

"ஒண்ணு விட்டிருந்துது, சரி பண்ணிட்டேன்" என்றாள்.

"என்னோடதுதானே?"

"இல்லக்கா. என்னோடது. அன்னிக்குக் கோவத்துல போட்டது."

மூத்தவளின் முகம் மலர்ந்தது. கையை நீட்டித் துழாவி இளையவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காக ஒரு பொய் சொல்ல உனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு" என்றாள்.

"சத்தியமா என்னோடதுக்கா."

"சரி சரி, உன்னோடதுதான்." குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னாள். "போ, அந்தம்மாகிட்ட குடுத்துட்டு வா. நாளைக்கு திண்டை எங்க போடணும்னு நீயே சொல்லு."

இளையவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தாள். மூத்தவள் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

"ஜன்னல்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்றாள்.