திரும்பி வந்த முடிச்சு

மூன்று வாரமாக ஸில்கேக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு கேலக்ஸியின் மையத்திலிருந்து சூடான வாயு தாரையாகப் பீச்சியடிக்கிறது. அந்தத் தாரையில் பளிச்சென்று ஒரு முடிச்சு. நான்கு வருடம் ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்த அது, ஐந்தாம் வருடப் படத்தில் மையத்தை நோக்கித் திரும்பி வந்திருந்தது. போனது எதற்குத் திரும்ப வேண்டும்? எதையாவது மறந்து வைத்துவிட்டுப் போனதா?

ஜெர்மனியில், பான் நகரத்து அந்த வானியல் ஆய்வகத்தில் புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்தான் கேக் சுட்டுக் கொண்டுவர வேண்டும். அவளும் பிளம்ஸ் கேக் கொண்டுவந்து, எல்லாரும் தின்று தீர்த்தாயிற்று. இன்று நாலு மணிக்குப் பேராசிரியர் கிரெஸ்ஸின் அவள் வேலையை நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சொல்வார். அவளிடமிருந்த ஒரே துருப்புச்சீட்டு இந்த முடிச்சு.

"என்ன, உன் முடிச்சு வீடு வந்து சேந்துருச்சா?" என்றான் எதிர்மேஜை ரைமுண்ட்.

"கிண்டலை விடு. மையத்துக்கு அந்தப் பக்கம் மங்கலா ஒரு புள்ளி இருந்துச்சே, அது என்ன?"

"வெறும் கருவி இரைச்சல்னு நீதானேம்மா அழிச்ச!"

அழித்தவள் அவள்தான். பல நாட்டு ரேடியோ தொலைநோக்கிகளின் பதிவு நாடாக்களைச் சேர்த்துப் படம் வரையும்போது, வானத்தில் அது சரியாக எந்த இடம் என்பது தொலைந்துபோகும். அதனால் இருப்பதிலேயே பளிச்சென்ற புள்ளியை மையம் என்று வைத்து அங்கிருந்து அளப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மதியம் கணினி அறையிலிருந்து, இன்னும் குறுகிய ரேடியோ அலையில் எடுத்த படம் வந்தது. அந்த அலையில் மையம்தான் மின்னும், முடிச்சுகள் மங்கிவிடும். படத்திலோ அவள் துடைத்தெறிந்த புள்ளி ஜொலித்தது. மையம் என்று அவள் நம்பியது மங்கிக் கிடந்தது. அப்படியானால் அந்தப் புள்ளிதான் நிஜ மையம்.

புதிதாகக் கிளம்பிய வேறொரு முடிச்சு, மையத்தையே மிஞ்சிப் பளிச்சிட்டிருக்கிறது. அதை மையமென்று நினைத்து அளந்திருக்கிறாள். பழைய முடிச்சு திரும்பவே இல்லை. அவள் அளக்கத் தொடங்கிய இடம்தான் அதன் பக்கமாக நகர்ந்திருக்கிறது. படத்தை ரைமுண்டிடம் நீட்டினாள்.

"நாலு மணி தாண்டட்டும். கையெழுத்து விழுந்ததும் சொல்லிக்கலாம்," என்றான் ரைமுண்ட்.

அவளுக்கும் அந்த ஆசை வந்தது, இல்லையென்று சொல்வானேன். ஆனால் கால்கள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டன.

"ஹெர் கிரெஸ்ஸின், முடிச்சு திரும்பி வரல. நான்தான் தப்பான இடத்துலேருந்து அளந்துட்டேன்." இரண்டு படங்களையும் அவர் முன்னால் விரித்தாள்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பளிச்சுன்னு இருந்ததை மையம்னு வெச்சீங்க?"

"ஆமா. எல்லாரும் வைக்கிற மாதிரி."

"நான் வைக்கிற மாதிரி."

சுவரில் அவருடைய பன்னிரண்டு கேலக்ஸிகள் வரிசையாகத் தொங்கின. அவருக்குப் பேரும் பதவியும் வாங்கிக் கொடுத்த படங்கள். எழுந்து முதல் படத்தில் விரலை வைத்தார்.

"இது மையமா?"

"தெரியல."

"இது?"

"தெரியல, ஹெர் கிரெஸ்ஸின்."

நான்காவது படத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டார். மேஜைக்கு வந்து, அவளுடைய நீட்டிப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். சந்தோஷப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ரெண்டு வருஷம் இருக்கு. பன்னிரண்டையும் மறுபடி அளங்க. எது வந்தாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லுங்க," என்றவர், தாளை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். "இல்ல, வேண்டாம். எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க."