தொட்டியில் ஊற்றியது

இப்போதெல்லாம் எவனும் கேட்டு எடுப்பதில்லை. வேலி தாண்டி வருவான், வேண்டியதைப் பிடித்துக்கொண்டு போவான், ஏன்டா என்றால் போனைக் காதில் வைத்துக்கொள்வான். இப்படி முணுமுணுத்துக்கொண்டேதான் பொன்னுசாமி தொண்டூர் ஏரிக்கரை இறங்கித் தன் கொல்லைக்கு வந்தார்.

வந்தால், அவர் தண்ணீர்த் தொட்டியில் சொம்பிலிருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறாள் மருதேவி.

பக்கத்து நிலத்துக்காரி, நைனார் எனப்படும் சமணர் வீட்டுப் பெண். போன மாதம் பொன்னுசாமி தன் வற்றிப்போன ஆழ்துளைப் போருக்குச் செஞ்சியிலிருந்து பிரஷர் லாரி கொண்டுவந்தார். போருக்குள் தண்ணீரை அழுத்தத்தோடு தள்ளி அடிப்பாறையைப் பிளக்கிற லாரி. தண்ணீர் பீறிட்டது. அதே வாரம் மருதேவியின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பாய் வெளுத்து, அடிக்கே இறங்கிவிட்டது. ஊரே பேசியது. அவள் மட்டும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகம். மேற்கால இருக்கும் இன்னொரு போருக்கும் நாளைக்கு லாரி வரச் சொல்லியிருந்தார்.

"இன்னாத்த ஊத்துற? உன் கெணறு போச்சின்னு என் தண்ணியில மருந்து கலக்குறியா?"

கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள்.

மருதேவி சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். "ஒங்க தண்ணிதாங்க பெரியவரே. நேத்து ஒங்க வூட்டம்மாதான் குடிக்கப் புடிச்சிக்கச் சொன்னாங்க. நாங்க வடிகட்டித்தான் குடிப்போம். துணியில தங்குற உசுருங்கள எடுத்த தண்ணியிலயே வுட்டுடணும். எங்க கெணத்துல வுட்டா செத்துப்பூடும். அங்க சேறுதான் இருக்குது."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அது வூட்ல கொண்டாந்து வுடுது அந்தப் பொண்ணு. நீ மருந்துன்றியே!" என்று அந்தப் பெண்களில் ஒருத்தி, குஞ்சம்மாள், சிரித்தாள்.

பொன்னுசாமிக்கு முகம் எரிந்தது. வேர்வை துடைக்கிறவர் மாதிரி துண்டால் மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிற பேச்சு அவருக்குப் பழக்கமில்லை.

"தொட்டியில வாணாம். மோட்டார் ஓடறப்ப குழாயிலயே புடிச்சிக்க. பயிருக்கும் திருப்பிக்க."

"ஒன்னே ஒன்னுங்க. நாளைக்கு அந்த லாரி வாணாம். மிச்ச ஊத்தும் பூடும்."

அவர் தரையைப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"வராது. சொல்லிட்றேன்."

"கெணத்த ஒருவாட்டி வந்து பாருங்களேன்."

"பாத்து இன்னா ஆவப்போவுது? மழையில்லாம வத்திச்சி. லாரியால இல்ல."

அவள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் வீட்டுக்குக் குறுக்குவழி அந்தக் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. பொன்னுசாமி அதை விட்டு, முள்ளுக்காட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். மழை இல்லாததற்கு லாரி என்ன பண்ணும் என்று தனக்குத்தானே உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்.