மஞ்சள் துணி கட்டிய மரங்கள்

அடையாளத்துக்குப் பிளாஸ்டிக் நாடா வேண்டாம் என்றார் டாக்டர், என் ஆய்வுக்குப் பொறுப்பான விரிவுரையாளர். அது அறுந்து ஆற்றில் போய் மீன் வயிற்றில் சேரும். பருத்தித் துணி கட்டுங்கள், தூரத்திலிருந்து தெரிகிற நிறமாக இருக்கட்டும் என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். அமுதவள்ளியின் மஞ்சள் புடவை மேலாக இருந்தது. பருத்தி. தூரத்திலிருந்து தெரியும். ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு மீதியைக் கையால் கிழித்தேன். சுலபமாகக் கிழிந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அமுதவள்ளி என் மனைவி. போன ஆண்டு நவம்பரில் டெங்கிக் காய்ச்சலில் இறந்தாள். நான் முதுகலை ஆய்வைப் பாதியில் நிறுத்தினேன். பல்கலைக்கழகம் ஒரு முறை அவகாசம் கொடுத்தது. இரண்டாவது முறை கொடுக்காது. ஜூலையில் தொடங்கும் நீண்ட விடுமுறைக்குள் கள ஆய்வை முடித்தால் பட்டம். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

ஆய்வு நண்டுகளைப் பற்றியது. போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கிடங்குகளுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி, கொஞ்சம் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு மிச்சம் இருக்கிறது. இடுப்பு உயர வேர்கள், கறுப்புச் சேறு, தண்ணீர் வற்றினால் சேறு முழுக்க நண்டு வளைகள். கிடங்கு கட்டும்போது மண் கொட்டிய பக்கத்தில் வளைகள் எவ்வளவு, மனிதர் கால் படாத பக்கத்தில் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். மண் கொட்டிய பக்கத்தில் எத்தனை இடம் வேண்டுமானாலும் கிடைத்தது. கால் படாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுற்றி நாலு மரங்கள். புடவை அந்த மரங்களுக்கு.

உதவிக்கு இரண்டு மாணவர்களைக் கொடுத்தார்கள். லோகன் கிள்ளான்காரன். அவன் மாமா பூமாலைக் கடை வைத்திருக்கிறார். காலையில் பூ ஏற்றி முடித்ததும் வேன் லோகன் கைக்கு வரும். நிரஞ்சனியின் வீடும் பிரிக்பீல்ட்ஸில்தான். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்த யாழ்ப்பாணக் குடும்பம். நாங்கள் இருவரும் கொமுட்டர் ரயிலில் போவோம். கடைசி நிலையத்தில் லோகன் வேனோடு நிற்பான். உள்ளே ஏறினால் மல்லிகை வாசனை. திரும்பும்போது சேற்று வாசனை.

"மாமா நாளைக்குக் கல்யாண மாலை ஏத்தணும்ணே. காலைக் கழுவிட்டு ஏறுங்க. பொண்ணு மாப்ள கழுத்துல நண்டு தொங்கிடப் போவுது."

முதல் நாள் நான் தொடை வரை புதைந்தேன். லோகன் வளைகளை எண்ணக் கட்டம் போடுகிற பிவிசி சட்டத்தை நீட்டி இழுத்தான். காலணி உள்ளேயே போய்விட்டது. அதன் பிறகு மூவரும் கிடங்கு வேலியோரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தடித்த காலுறையோடு இறங்கினோம்.

ஓடையின் மறுகரைக்குப் போக ஒரு பழைய படகை இரவல் வாங்கினோம். நடு ஓடையில் நிரஞ்சனி எழுந்து நின்று கத்தினாள்.

"அண்ணா, முதலை."

படகு கவிழ்ந்தது. தண்ணீர் நெஞ்சளவுதான். முதலை ஒரு மரக்கட்டை. அதன் மேல் நீர்நாய் ஒன்று உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே மீன் தின்றது.

"முதலைன்னா நீதானே மொதல்ல ஓடணும்? படகைக் கவுத்துட்டு எங்களை அதுக்குச் சாப்பாடு வைக்கிறியா?" என்றான் லோகன்.

"நீ இருக்கிற சைஸுக்கு உன்னை முடிக்கவே அதுக்கு ரெண்டு நாள் ஆகும். நாங்கள் தப்பிடுவோம்."

நான் சிரித்துவிட்டேனாம். ரயிலில் நிரஞ்சனி சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

ஜூலையின் முதல் பாதி இப்படிப் போனது. தண்ணீர் வற்றும்போது எண்ணினோம், ஏறும்போது கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். எனக்குப் பசித்தது. அது புதிதாக இருந்தது.

ஆடி பிறந்தது. முதல் வெள்ளிக்கு மறுநாள் காலை லோகன்தான் முன்னால் நடந்தான். மரங்களுக்கு அருகே நின்றுவிட்டான்.

"அண்ணே, கோயில் வந்துருச்சு."

நாலு மரங்களிலும் மஞ்சள் துணிக்கு மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். வேர்களில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. கற்பூரம் எரிந்த கரி. சேற்றின் மேல் பால் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. பெரிய காலும் சின்னக் காலுமாக எங்கும் காலடிகள். வளைகள் மூடிப்போயிருந்தன. முழங்காலிட்டு எண்ணிப் பார்த்தோம். பாதி கூட இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். இன்னும் ஒரு முறை மிதிபட்டால் அந்த இடம் மீளாது, கால் படாத இடம் இல்லையென்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை என்றார். வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"துணியை அவுத்துட்டா வரமாட்டாங்கதானே?" என்றாள் நிரஞ்சனி.

"நீ அவுரு."

"நான் ஏன்? நீ அவுரு."

"குங்குமம் வச்சிட்டாங்க லா. நான் கல்யாணம் ஆவாதவன். அண்ணே, நீங்க அவுருங்க."

நான் போய் முடிச்சில் கை வைத்தேன். நான் போட்ட முடிச்சு. அவிழ்க்கவில்லை. பயம் இல்லை. கை அப்படியே இருந்தது, பிறகு எடுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி மாலை வேலியோரம் காத்திருந்தோம். கிடங்கில் வேலை முடிந்ததும் ஒரு கூட்டம் வந்தது. வேலைச் சட்டையோடு ஆண்கள், தூக்குச்சட்டியில் கூழோடு பெண்கள். முன்னால் வந்தவர் கிடங்கில் கேண்டீன் நடத்தும் சீதாலெட்சுமி அக்கா. ஐம்பது வயது இருக்கும். கையில் பால் செம்பு. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா. உங்களைத்தான் கேக்கணும்னு இருந்தோம். எந்த ஆத்தா தம்பி இது? பேர் தெரியாம கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"ஆத்தா இல்லக்கா. நாங்க நண்டு எண்றோம்."

"என்னாது?"

"நண்டு வளை. யுனிவர்சிட்டி வேலை."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள்.

"தம்பி, நான் கேண்டீன் ஜன்னல்ல நின்னு தினம் பாக்கிறேன். பூக்கடை வேன் வருது. செருப்பைக் கழட்டி வைக்கிறீங்க. கொம்பைத் தூக்கிக்கிட்டு உள்ள போறீங்க. மரத்துல மஞ்சத் துணி. அந்தப் பொண்ணு முட்டி போட்டு மண்ணைத் தொடுது. நண்டுக்கா இவ்வளோ பக்தி?"

லோகன் இருமினான். நிரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. நானும் ஜன்னலில் நின்றிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பால் செம்பு வேலியைத் தாண்டப் போனது. பின்னால் இருபது பேர். என்னிடம் ஒரு வழிதான் இருந்தது. இறந்தவள் துணி என்றால் யாரும் கும்பிட மாட்டார்கள். உடனே விலகிவிடுவார்கள்.

"அக்கா, அது சாமித் துணி இல்ல. என் மனைவி புடவை. அவ போன வருஷம் இறந்துட்டா. டெங்கி. வீட்டுல வேற துணி இல்ல, கிழிச்சுக் கட்டினேன்."

கிடங்கில் லோரி ஒன்று பின்னோக்கி நகரும் ஓசை கேட்டது. அக்கா செம்பை இடது கைக்கு மாற்றினார்.

"என்னா வயசு?"

"இருபத்தெட்டு."

"பூவும் பொட்டுமாப் போயிருக்கா." அவர் மரங்களைப் பார்த்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "பூவாடைக்காரி லா."

அவர் கும்பிட்டார். பின்னாலிருந்த அத்தனை பேரும் கும்பிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

கணவன் இருக்கும்போதே இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துப் படைப்பது உண்டு. என் மாமியார் சொல்லியிருந்தார். புதுப் புடவை வாங்கி வை என்றார். சரி என்றேன். அவ்வளவுதான். இப்போது ஒரு கிடங்கே அவளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

"அண்ணே," என்றான் லோகன் காதருகே. "கோயில் பர்மனெண்ட் ஆயிடுச்சு."

ஆய்வு முடிந்தது என்று நினைத்தேன். சீதாலெட்சுமி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பேர் என்னா?"

"அமுதவள்ளி."

"புள்ளைக்கு என்னா பிடிக்கும்? நாங்கபாட்டுக்கு எதையோ ஊத்திக்கிட்டு இருக்கோம். புருஷன் நீங்கதான் சொல்லணும்."

இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. எப்படி இறந்தாள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்தேன்.

"பால் பிடிக்காதுக்கா. வாசனையே ஆகாது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தா, இந்தப் புடவையைக் கட்டிக்கிட்டு. வழி முழுக்க மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டே நடந்தா."

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா செம்பைக் குனிந்து பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் வேலியோரம் படுத்திருந்த கிடங்கு நாயின் முன்னால் வைத்தார்.

"டீ எப்படிக் குடிப்பாங்க?"

"தே ஓ தான். பால் இல்லாம."

"வேற? கோவம் வருமா?"

"ஒரே விஷயத்துக்குத்தான். வீட்டைத் துடைச்சா, காயற வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது. வச்சா அன்னிக்குச் சோறு கிடையாது. துடைக்கறான்னு தெரிஞ்சா நான் முன்னாடியே சோபாவுல ஏறி உக்காந்துக்குவேன்."

அக்கா சேற்றைப் பார்த்தார். தண்ணீர் அப்போதுதான் வற்றியிருந்தது. நாலு மரங்களுக்கு நடுவே சேறு துடைத்த தரை போலப் பளபளத்தது. ஒரே ஒரு நண்டு வெளியே வந்து பெரிய கொடுக்கைத் தூக்கிக் காட்டியது.

"இது எப்பத் தம்பி காயும்?"

"காயாதுக்கா."

அவர் என்னைப் பார்த்தார். உதட்டோரம் என்னவோ அசைந்தது. பிறகு திரும்பினார்.

"கேட்டுச்சா எல்லாருக்கும்? ஜெயராஜு, அந்தச் செருப்பைப் போடு. யாரும் உள்ள இறங்கப்படாது. கும்பிடறதுன்னா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு கும்பிடு. அந்தப் புள்ளை வீட்டைத் துடைச்சு வச்சிருக்கு."

ஒருவன் முணுமுணுத்தான். "அப்ப அவங்க மூணு பேர் மட்டும் இறங்கறாங்களே?"

"அவன் புருஷன் லா. திட்டு வாங்கறதுக்குத்தானே கட்டியிருக்கா. மத்த ரெண்டும் அவன் கூட்டிக்கிட்டு வந்தது."

அன்றைக்கு வேலிக்கு வெளியே நின்று கூழ் குடித்தோம். லோகன் மூன்று தரம் வாங்கினான்.

அதன் பிறகு ஒரு காலடியும் விழவில்லை. தூண்டில்காரர்களைக் கூட அக்கா ஜன்னலிலிருந்து கூப்பிட்டு நிறுத்தினார். வேலியோரம் மேட்டு நிலத்தில் ஒரு செங்கல் வைத்துப் பொட்டு வைத்தார்கள். அதன் மேலே கம்பியில், வெள்ளிக்கிழமைகளில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ ஐஸ் தொங்கும். கும்பிட்டதும் அதை எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். சேற்றிலிருந்து ஏறி வந்து குடிக்க நன்றாக இருந்தது.

பால் தோய்ந்த இடத்தை ஆற்று நீர் கழுவியது. முதலில் சின்ன வளைகள் தெரிந்தன. பிறகு பெரியவை. நாங்கள் சட்டத்தை வைத்துவிட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்தால் நண்டுகள் நம்பி வெளியே வரும். ஒரு நாள் நிரஞ்சனியின் முழங்காலில் ஒன்று ஏறிக் கொடுக்கை ஆட்டியது.

"வரச் சொல்லுது. போ," என்றான் லோகன்.

"உன்னைத்தான் கூப்பிடுது. முகம் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கு."

செப்டம்பரில் கடைசியாக எண்ணினோம். நான் ஒரு முறை, நிரஞ்சனி ஒரு முறை. ஜூலையில் இருந்த அளவுக்கு வளைகள் திரும்பியிருந்தன. எண்களை டாக்டருக்கு அனுப்பினேன். போதும், எழுத ஆரம்பியுங்கள் என்று பதில் வந்தது. லோகன் சேற்றிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். அன்றைக்கு அவன் மாமாவுக்கு மாலை ஏற்றும் வேலை இல்லை.

கட்டியதையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது விதி. அக்காவிடம் முதலில் கேட்டேன். வேலிக்கம்பியில் புது மஞ்சள் புடவை ஒன்றை அவர் ஏற்கெனவே சுற்றி வைத்திருந்தார்.

"பழசை எடுத்துக்கோங்க தம்பி. உங்களோடதுதானே. இது எங்களோடது."

மூன்று மரங்களில் அவிழ்த்தேன். முடிச்சுகள் இறுகியிருந்தன, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. நாலாவதில் துணியின் மடிப்புக்குள் சின்ன நத்தைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. நகம் அளவுதான். ஒன்றைத் தொட்டேன். அது உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தத் துணியை விட்டுவிட்டேன். பருத்திதான். தானாக மக்கும். டாக்டரிடம் நத்தை இருந்தது என்று சொன்னேன். சரி என்றார்.

ரயிலில் நிரஞ்சனி தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. கதவிலிருந்து அலமாரி வரை என் சேற்றுக் கால் பதிந்துவிட்டது. துணிகளை அலசிப் பால்கனியில் காயப்போட்டேன். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்துத் தரையைத் துடைத்தேன். மூலையிலிருந்து மூலைக்கு, அவள் துடைப்பது போல.

சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தரை காய்கிற வரைக்கும்.