தையல் இல்லாத குழாய்

கூடியிருந்தவர்கள்: நாட்டாண்மைக்காரர் குப்புசாமி, என் மனைவி கிருஷ்ணவேணி, அவள் அண்ணன் வீரபத்திரன், என் மாமியார் அன்னம்மாள், பிறகு குற்றவாளியான நான், கலியாணசுந்தரம். இடம் பிள்ளையார்பாளையத்தில் என் வீடு. 1974, ஆடி மாதம்.

குற்றம் இதுதான்: இரண்டு வருடமாக என்னால் முடியவில்லை. விஷயம் மாமியார் காதுக்குப் போய், அங்கிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. தங்கையை ஒரேயடியாகக் கூட்டிப்போக ஓரிக்கையிலிருந்து வீரபத்திரன் வண்டி கட்டி வந்திருந்தான். கேட்பவர்களிடம் ஆடி அழைப்பு என்று சொல்லிக்கொள்ளலாமாம். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம்.

“புடவை நெய்யத்தான் இந்தாளு லாயக்கு. அனுப்பி வைங்க, போறோம்” என்றான்.

அந்த இரண்டு வருடத்துக்கும் முன்பே எனக்குக் கால் வலி தொடங்கியிருந்தது. தறிக்குழியில் உட்கார்ந்து நாற்பது மிதி மிதித்தால் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும். நிறுத்தினால் விட்டுவிடும். வைத்தியர்கள் மணிக்கட்டில் நாடி பிடித்து, மனக்கவலை என்று லேகியம் கொடுத்தார்கள். இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சித்திரையில் காலைக் காட்டச் சென்னைக்குப் போனேன். டாக்டர் என் தொடையிடுக்கில் விரல் வைத்தார். இரண்டு பக்கமும் துடிப்பு இல்லை.

“பெண்டாட்டியோட எப்படி?” என்று கேட்டார்.

சொன்னேன். தொப்புளை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் அடைத்திருக்கிறது, அதனால் காலுக்கும் ரத்தம் போதவில்லை, அதற்கும் போதவில்லை என்றார். முக்கியக் காரணம் பீடி. ஒரு நாளைக்கு மூன்று கட்டு குடித்துக்கொண்டிருந்தேன்.

அடைப்பைத் தாண்டி வைத்துத் தைக்கும் குழாயைக் காட்டினார். துணி. கால்சட்டை மாதிரி கீழே இரண்டாகப் பிரிந்தது. வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் தையல் இல்லை. நெடுக்கில் மேலே ஒரு பாவு, கீழே ஒரு பாவு, குறுக்கே ஒரே ஊடை நூல் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தது. நெய்தவன் தொழில் தெரிந்தவன்.

“வைங்க சார்” என்றேன்.

“கால் தேறும். மற்றதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்” என்றார். வைகாசியில் வைத்துத் தைத்தார்.

பஞ்சாயத்துக்கு வந்த வீரபத்திரனுக்கு இது வெறும் கால் வைத்தியம்.

“காலுக்கு ஆபரேசன் பண்ணிக்கினா அது வந்துடுமா?” என்று சிரித்தான்.

கிருஷ்ணவேணி எழுந்தாள். “வந்துடுச்சு.”

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டுக்கும் ஒரே குழாய்லருந்துதான் ரத்தம் போவுதாம். இப்ப நல்லா போவுது. பதினஞ்சு நாளாச்சு.”

“அதுக்கு இன்னா சாட்சி?”

“சாட்சிக்கு உன்னக் கூப்புடணுமாண்ணா?”

நாட்டாண்மைக்காரர் வெற்றிலையைத் துப்ப வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோதும் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“பொண்ணே சொல்லிடுச்சு. அப்புறம் இன்னாபா பஞ்சாயத்து? வண்டியத் திருப்பு.”

“நல்ல மாப்ளன்னு நான் அன்னிக்கே சொன்னேன்” என்று மகனை முறைத்தபடி மாமியார் வண்டியேறினாள். அன்றைக்கு அவள் அப்படிச் சொல்லவில்லை.

வீரபத்திரன் நிலைப்படியில் தயங்கினான். “மாப்ளே, பீடி இருக்குதா?”

“உட்டுட்டேன் மச்சான். குழாய அடச்சதே அதுதானாம். நீயும் உட்டுடு.”

அவன் முகம் சட்டென்று மாறியது. ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்காமலே நாட்டாண்மைக்காரரின் பின்னால் இறங்கிப் போனான்.

உச்சி வெயில். தறியில் பாதிப் புடவை நின்றுகொண்டிருந்தது. கிருஷ்ணவேணி அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.