கறை படியாத சுவர்

வளாக வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கையிலிருந்த பீடி தீர்ந்துவிட்டது. கட்டடமும் தோட்டமும் பற்றிப் பல்கலைக்கழகம் நடத்தும் பொதுச் சொற்பொழிவு வரிசை, நான்காவது உரை, யாரும் வரலாம், கட்டணம் இல்லை. கீழே ஒரு சுவரின் படம். மூன்று வருடத்துக்கு முன்னால் அதைக் கட்டிய ஆறு பேரில் நானும் ஒருவன்.

"நீ கட்டின செவத்தை நீயே வேடிக்கை பாக்கப் போறியாக்கும்" என்றாள் மனைவி. ஆனாலும் தலையை வாரிக்கொண்டு கூடவே வந்தாள். அவள் அந்தச் சுவர் இருக்கும் தோட்டத்தில்தான் ஒரு மாதமாகக் கூட்டுகிறாள். எனக்கும் இந்த வளாகத்தில்தான் பராமரிப்புக் கூலி வேலை. நான் விடுதிப் பக்கம். தோட்டத்துக்குப் போக வேலை வந்ததில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் ஆர்க்கிடெக்ட் அம்மா. நரைத்த தலை, தட்டைச் செருப்பு. சரிவில் நிலத்தை எப்படி நிறுத்துவது, மரங்களை எங்கே வைப்பது என்று படம் படமாகக் காட்டிப் பேசினார்.

"என்ன சொல்றாங்க?" மனைவி காதோரம் கேட்டாள்.

"மண்ணு சரியாம நிக்குதுன்னு சொல்றாங்க."

"அதுக்கா இவ்வளவு நேரம்? நல்ல மெத்தை நாற்காலி போட்டுட்டாங்க, இல்லேன்னா பாதிப்பேர் எந்திரிச்சுப் போயிருப்பாங்க."

அப்போது அந்தச் சுவர் திரை முழுக்க வந்தது. "இது போன வாரம் எடுத்தது. பத்து நாள் விடாத மழைக்குப் பிறகு. ஒரு சொட்டுக் கறை இருக்கிறதா, பாருங்கள்" என்றார். கூட்டம் கை தட்டியது.

நான் குழாய் வாய்களைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

மண்ணைத் தாங்கும் சுவரில், பின்னால் தேங்கும் தண்ணீர் வடிய இடையிடையே சிறு குழாய் வைப்போம். கல்லுக்கு நடுவே கலவை பூசும்போது குழாய்க்குள் போய்விடாமலிருக்க, சிமெண்டு சாக்குக் காகிதத்தைச் சுருட்டி வாயில் திணிப்போம். காய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டும். கடைசி நாள் சாயங்காலம், காலையில் படமெடுக்க ஆள் வருகிறது, சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று சூப்பர்வைசர் விரட்டினார். காகிதத்தின் மேலேயே மெல்லிசாகக் கலவையை இழுத்துவிட்டேன். திங்கட்கிழமை உடைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை எங்களை வேறு வேலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மறந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன். யாராவது திறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் தேங்கிய தண்ணீரின் பாரத்தில், படத்தில் சுவரின் நடுவயிறு ஒரு விரல்கடை முன்னால் தள்ளியிருந்தது. நிழலில் தெரிந்தது. கல் வேலை செய்தவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

"அந்த எடத்துலதான் கூட்டுற பொம்பளைங்க நாங்க நாலு பேரும் சாஞ்சு உக்காந்து சாப்பிடுவோம்" என்றாள் மனைவி.

எனக்குப் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை.

கேள்விகளை எழுதித் தரச் சொல்லிச் சீட்டு வந்தது. பேனாவை வாங்கிக்கொண்டேன். என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்டாள். சொன்னேன்.

"உன் வேலை போயிடுமாய்யா?"

"போகும்."

சீட்டை எட்டிப் பார்த்தாள். "அப்ப தெளிவா எழுது. கோழி கிண்டின மாதிரி இருக்கு."

மேடையில் முதல் சீட்டு எந்த மரம் சீக்கிரம் வளரும் என்று கேட்டது. இரண்டாவது ஏதோ படிப்பைப் பற்றி. மூன்றாவதை எடுத்த ஆர்க்கிடெக்ட் அம்மா வாய்விட்டுப் படிக்கவில்லை. இரண்டு தடவை மனசுக்குள்ளேயே படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

எழுந்து நின்றேன். எல்லாத் தலையும் திரும்பியது.

"எத்தனை குழாய்?"

"நாப்பத்தொண்ணும்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் நான்தாம்மா அடைச்சேன்."

அந்தப் படத்தை மறுபடி போடச் சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றார். கூட்டத்தை நடத்தியவர் நேரமாகிவிட்டது என்று நன்றி சொன்னார். சிலர் கை தட்டினார்கள்.

விடிந்ததும் தோட்டத்தைக் கயிறு கட்டி மூடினார்கள். மேலே மண் அகற்றும் இயந்திரம் சரிவின் பாரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. துளை எங்கே என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் ஏணியும் டிரில்லும் என்னிடமே வந்தன. முதல் நாலும் சும்மா ஒழுகின. ஐந்தாவதில் காகிதக் கூழோடு செம்மண் தண்ணீர் பீய்ச்சிச் சட்டையை நனைத்தது. மத்தியானத்துக்குள் சுவர் முழுக்கக் கோடு கோடாகப் பழுப்பு இறங்கியிருந்தது. ஆர்க்கிடெக்ட் அம்மா சேற்றில் நின்று ஒவ்வொரு வாயாக எண்ணினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அதுவும் பலமாகத் தோன்றவில்லை.

நாற்பத்தொன்றும் முடிந்து இறங்கியபோது பராமரிப்பு அதிகாரி கையை நீட்டினார். வாசல் அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நாளைக்கு வர வேணாம்ப்பா."

"சரிங்க."

கயிற்றுக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தின் ஓரம் பெண்கள் நாலு பேரும் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்கள். மனைவி நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க சாய ஒண்ணுமில்ல, முதுகு வலிக்குது" என்றாள் ஒருத்தி. "உன் வீட்டுக்காரரால வந்த வினை."

"உக்காந்து தின்னுடி" என்றாள் மனைவி. பாதியை என் பக்கம் தள்ளினாள். கை கழுவக்கூட எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டேன்.