குளுக்கோஸ் தண்ணீர்

அக்கா எதையும் ஒரே மூச்சில் குடிப்பவள் அல்ல. காபியைக்கூட ஆறவிட்டுப் பாதியில் மறந்துவிடுவாள். அன்று ஆஸ்பத்திரி லேபில் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துவிட்டு, டம்ளரை விரலால் வழித்து நக்கவும் செய்தாள். பக்கத்தில் இன்னொரு கர்ப்பிணி குமட்டலில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அக்காவின் கவலை சர்க்கரை இல்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டாணி அசையவில்லை. முதல் ஸ்கேனில் குழந்தை அந்த அளவுதான் இருந்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"தூங்குதுக்கா. அப்படியே மாமா மாதிரி. இடி விழுந்தாலும் எழுந்திருக்காது," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?"

"முதல்ல இனிப்பு உள்ள போகட்டும்டி. இனிப்பு சாப்பிட்டா எப்பவும் குதிக்கும்ல."

ரத்தம் எடுக்கும் பெண்ணிடம் கேட்டாள். "இது குழந்தைக்கும் போகுமா?"

"போகும்மா. குடிச்சது குடல்லேருந்து ரத்தத்துல சேரும், சர்க்கரை விறுவிறுன்னு ஏறும். உங்க ரத்தத்துலேருந்து கொடி வழியா அதுக்கும் போகும். அப்புறம் உங்க உடம்பே இன்சுலின் சுரந்து மெல்ல இறக்கிடும். அதுவரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க, நடக்காதீங்க."

எதிரில் இருந்தவள், "உதைக்குது பாருங்க," என்று எல்லோருக்கும் காட்டினாள். அவள் வயிற்றின்மேல் வைத்திருந்த கைப்பை துள்ளியது. எழுந்துபோய் அவளை அறையலாம் போலிருந்தது எனக்கு. பாவம், அவள் என்ன செய்வாள்.

ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். "இப்ப நல்லா ஏறியிருக்கும்," என்று அக்கா என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "தெரியுதா?" அவளுடைய மூச்சு மட்டும்தான் கைக்குத் தெரிந்தது. பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி. அப்போது வாய் வரவில்லை.

கடைசி ஊசி குத்தி முடித்ததும் அவளைக் கேட்காமலே நர்ஸிடம் சொல்லிவிட்டேன். உடனே ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் தேடினார்.

"துடிப்பு இல்லம்மா. நேத்தே நின்னிருக்கணும்," என்றார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். மாமாவுக்குப் போன் செய்ய எனக்குக் கை வரவில்லை. நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்தது தெரியாமல் ரத்தம் எடுத்த பெண் ரிப்போர்ட்டோடு வந்தாள்.

"எல்லாம் நார்மல்மா. நல்லா ஏறி, நல்லா இறங்கியிருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

அக்கா தலையாட்டி வாங்கிக்கொண்டாள். அதிலிருந்த சர்க்கரை எண்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"எல்லாத்தையும் நானே குடிச்சுட்டேன்டி," என்றாள்.