வலையில் மிதந்த மாடி

நமகோலி நகராட்சிச் சோதனைக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டியில் எட்டுக் கிலோ எடையுள்ள கான்கிரீட் கட்டி மிதந்தது, சிமெண்ட் மூட்டை முப்பத்தெட்டாயிரம் ஷில்லிங்குக்கு ஏறிய வாரத்தில். இரண்டில் சிமெண்ட் விலையைப் பற்றியே ஊரில் பேச்சு நடந்தது. சோதனைக்கூடப் பொறுப்பாளர் இசபிரியே கட்டியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். அது தக்கையைப் போல மேலே வந்தது. அதன் தலையில் ஒரு செங்கல்லை வைத்தார். செங்கல் வழுக்கி மூழ்கியது, கட்டி மிதந்தது. நீருக்குள் ஊறினால்தான் கட்டிகள் இறுகும் என்பதால், இரும்புக் கம்பிவலை ஒன்றைக் கவிழ்த்து அதை அடியில் பிடித்துவைத்தார். இருபத்தெட்டாம் நாள் நசுக்கும் இயந்திரத்தில் ஏற்றியபோது அது விதித்த சுமைக்கு மேலேயே தாங்கியது. ஆகவே "பலம் போதுமானது" என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில் "மிதக்கிறது" என்று சேர்த்து, கையெழுத்திட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

அந்தக் கட்டி ஏரிக்கரையில் எழும்பிக்கொண்டிருந்த புதிய சந்தைக் கட்டடத்தைச் சேர்ந்தது. ஒரு தளத்தை வார்க்கும்போது அதே கலவையிலிருந்து சில கட்டிகளை அச்சில் வார்த்து, எந்தத் தளத்துக்கு உரியவை என்று பக்கவாட்டில் வண்ணத்தால் எழுதிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கட்டி தாங்கினால் தளமும் தாங்கும் என்பது கட்டுமானத் தொழில் முழுவதன் நம்பிக்கை. நமகோலியின் மேஸ்திரிகளோ சோதனைக்கென்றே கிடங்குக்குப் பின்னால் தனியாக ஒரு கலவை குழைத்தார்கள். அதில் சிமெண்டைத் தாராளமாகச் சேர்த்து, ஜல்லியைக் கழுவிப் போட்டு, அச்சைத் தட்டித் தட்டி நிரப்பினார்கள். அந்தக் கட்டிகளுக்கு மாப்பிள்ளைகள் என்று பெயர். இதை யாரும் ஏமாற்று வேலையாகக் கருதவில்லை. பெண் வீட்டுக்குப் போகிறவன் கிழிந்த சட்டையோடா போவான் என்று கேட்டார்கள்.

சந்தையின் அளவையாளர் லோயி நைகாகா. நடந்த வேலையை அளந்து, சோதனை முடிவுகளைச் சரிபார்த்து, சான்றிதழில் அவள் முத்திரையிட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடைக்கும். ஒப்பந்தக்காரர் பலிதாவா அவளுடைய தாய்மாமன். ஏழு வயதில் தாயை இழந்த லோயியைத் தன் நான்கு மகள்களோடு ஐந்தாமவளாக வளர்த்தவர். ஆண்பிள்ளை இல்லாதபோதும், ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று தன் தொழிலுக்குப் "பலிதாவாவும் மகன்களும்" எனப் பெயர் வைத்திருந்தார். தொழில் ஒழுக்க விதிப்படி லோயி இந்த உறவை எழுத்தில் அறிவித்தபோது நகராட்சிச் செயலர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மாமாவா? இந்த ஊர்ல யாருக்கும்மா அவரு மாமா இல்ல? அப்படிப் பாத்தா நானே வேலைய விட்டுட்டுப் போகணும்."

மாடித் தளம் வார்த்து முடிந்தபின் வந்த கட்டிகள் எல்லாமே மிதந்தன. இசபிரியே கூடுதலாக ஒரு கம்பிவலை வாங்கினார். லோயி மட்டும் தொட்டியோரம் வெகுநேரம் நின்றாள். கீழ்த்தளத் தூண்களுக்கான இரண்டு கட்டிகள் மட்டும் அடியில் கிடப்பதை அவள் கவனித்தாள். அந்தத் தூண்களை வார்த்த அன்று மாமா ஒரு சாவுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை குழைக்கச் சோம்பல்பட்ட மேஸ்திரி, தூணுக்குப் போன கலவையையே அச்சில் அள்ளிப் போட்டிருந்தார். நசுக்கியபோது அந்த இரண்டில் ஒன்று தேறியது, ஒன்று தோற்றது. அப்படியானால் மிதப்புக்கும் பலத்துக்கும் தொடர்பில்லை. லோயி மிதந்த கட்டி ஒன்றை வெளியே எடுத்து, "மாடித் தளம்" என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் "கிடங்குக்குப் பின்னால் குழைத்தது" என்று எழுதித் தொட்டியில் விட்டாள். கட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு குமிழி விட்டபடி நிதானமாக அடிக்குப் போய் அமர்ந்தது.

மறுநாள் காலை கட்டட வாசலிலேயே மாமாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"கட்டி பலமா இருக்கா, இல்லயா? அத மட்டும் சொல்லு."

"கட்டி பலம்தான் மாமா. மாடிக்குத்தான் பலமில்ல."

"மெதக்கக் கூடாதுன்னு எந்த விதியில போட்டிருக்கு?"

"போடல."

"பெறகென்ன? ஊர் உலகத்துல எல்லாரும் செய்றதுதானே? சிமெண்ட் விக்கிற வெலை ஒனக்குத் தெரியாதா? எந்த வீட்டுச் சோறு தின்னு படிச்சேன்னு கொஞ்சம் நெனச்சுப் பாரும்மா."

"நெனச்சுத்தான் மாமா சொல்றேன். சந்தை தொறந்தா அத்தையும் அங்கதானே காய்கறி வாங்க வருவாங்க?"

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு லாரியில் ஏறிப் போனார். லோயி முத்திரையைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். தளத்தைத் துளையிட்டு உள்ளிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினாள். துளையிடும் இயந்திரம் தலைநகரில் இருக்கிறது, வரும்போது வரும் என்று பதில் வந்தது.

அதன்பின் வந்த மாதங்கள் அவளுக்கு நல்லவையாக இல்லை. மாமா வீட்டு விசேஷத்தில் அவளுக்கு வள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைக் குழம்பும் வந்தன, ஆனால் பக்கத்தில் உட்கார யாரும் வரவில்லை. வேலையைத் தாமதப்படுத்துகிறாள் என்று செயலர் கொடுத்த புகாரின்மேல் அளவையாளர் சங்கத்தின் ஒழுக்கக் குழு அவளைத் தலைநகர் கம்பாலாவுக்கு அழைத்தது. அவள் பேருந்தில் ஒரு வாளியும் ஒரு கட்டியும் கொண்டுபோனாள். ஐந்து உறுப்பினர்களும் நாற்காலியை விட்டு எழுந்து வாளியைச் சூழ்ந்து நின்று, கட்டியை முறைவைத்து அமுக்கிப் பார்த்தார்கள். பிறகு, மிதப்பது குறித்துத் தொழில் விதிகளில் ஏதும் சொல்லப்படவில்லை என்பதால் துணைக்குழு ஒன்றை அமைப்பதாக முடிவெடுத்து, கைகளைத் துடைத்துக்கொண்டார்கள். புகார் தள்ளுபடியாகவும் இல்லை, ஏற்கப்படவும் இல்லை. செயலரோ காத்திருக்க விரும்பவில்லை. திருவிழாவுக்கு முன் சந்தையைத் திறப்பதாக ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேறொரு அளவையாளர் வெள்ளிக்கிழமை வந்து முத்திரையிடுவார், திங்கட்கிழமை பெண்கள் கூடைகளோடு மாடி ஏறலாம் என்று அறிவித்தார்.

இதற்கிடையில் பலிதாவா தன்னிடம் எஞ்சியிருந்த மாப்பிள்ளைகளை லாரியில் ஏற்றிப் பட்டப்பகலில் ஏரியில் கொட்டியிருந்தார். கண்ணிலிருந்து மறைந்தால் பேச்சும் மறையும் என்பது அவர் கணக்கு. கான்கிரீட்டை நீரில் கொட்டினால் மறைந்துவிடும் என்று நம்பியது வாழ்நாளெல்லாம் அந்தத் தொழிலில் இருந்த ஒருவரிடம் மட்டுமே எதிர்பார்க்கக்கூடிய தவறு. தெற்குக் காற்று கட்டிகளைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. முதலில் அவற்றைப் பிடித்தவர் முகோயா என்ற மீனவர். உடையாது, வெயிலில் வெடிக்காது, எவ்வளவு பாரமான வலையையும் தாங்கும். இதைவிட நல்ல வலைமிதப்பை அந்த ஏரி கண்டதில்லை. ஒரே வாரத்தில் எல்லாப் படகுகளும் கட்டிகளைக் கயிறு கட்டி வலையில் கோத்துக்கொண்டன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் சிவப்பு வண்ணத்தில், கரையிலிருந்தே படிக்கும்படி, "நமகோலி சந்தை, மாடித் தளம், பலிதாவாவும் மகன்களும்" என்று எழுதியிருந்தது. பலிதாவா கரைப்பக்கம் போனால் படகுகளிலிருந்து குரல் வரும்.

"முதலாளி, ஒங்க மாடி இன்னைக்கு நல்லா மெதக்குது! மேல ஏறி நாலு மீன் வாங்கிட்டுப் போங்க!"

"ஒங்க மகனுங்களுக்கு நீச்சல் யாரு முதலாளி சொல்லிக் குடுத்தது?"

வியாழக்கிழமை காலையில் அவர் லோயியின் வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். உள்ளே வரவில்லை.

"ஏரிக்குப் போறேன். நீயும் வா" என்றார்.

இருவரும் முகோயாவின் படகில் ஏறினார்கள். வலை விரித்திருந்த இடம் வந்ததும் பலிதாவா குனிந்து, முனையில் மிதந்த கட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அதை வெகுநேரம் படித்தார். எழுதியவர் அவர்தான், எழுத்து அழகாக இருந்தது. பிறகு மடக்குக் கத்தியை எடுத்து, வண்ணத்தைச் சுரண்டத் தொடங்கினார். "மாடித் தளம்" என்பதன் கடைசித் துணுக்கு உதிர்ந்ததும் கட்டி அவர் கையைவிட்டு நழுவி மூழ்கியது. அதோடு வலையின் ஒரு முனையும் சரசரவென்று உள்ளே போனது.

முகோயா துடுப்பைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பாய்ந்து பிடித்தார். "ஐயோ, என் வலை! என்ன முதலாளி பண்ணீங்க?"

"பொய்ய எடுத்துட்டேன்ப்பா."

"எடுக்கிறதுன்னா கரையில வச்சு எடுக்கக் கூடாதா? நடு ஏரியிலயா எடுப்பாங்க? கட்டிய இழுத்துத் தர்றேன், பழையபடி எழுதுங்க. சீக்கிரம்! மீனெல்லாம் போகுது!"

மூவரும் சேர்ந்து இழுத்துக் கட்டியைப் படகின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். அது இப்போது எட்டுக் கிலோ கனத்தது. முகோயா அடுப்புக் கரித்துண்டு ஒன்றைத் தேடியெடுத்து நீட்டினார். பலிதாவா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். லோயி கயிற்றை இறுகப் பிடித்தபடி நின்றாள், உள்ளங்கை எரிந்தது.

"எழுத மாட்டேன்" என்றார் பலிதாவா. கரித்துண்டை ஏரியில் எறிந்தார். "ஒன் மீனுக்கு என்ன ஆகுமோ நான் தந்துர்றேன், முகோயா. இத மட்டும் எழுதச் சொல்லாத."

வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து வந்த அளவையாளர், புதிய சட்டையோடு வண்டியைவிட்டு இறங்கியபோது, பலிதாவாவின் ஆட்களே சம்மட்டியால் மாடித் தளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் அடி முதலாளியுடையது. தளம் காய்ந்த ரொட்டியைப் போல உதிர்ந்தது. முகோயாவின் மனைவி நகிசிகே, முகேனே என்ற பொடிமீன் விற்க அந்த மாடிக்கு நேர் கீழே இடம் வாங்கியிருந்தவள், ஒரு துண்டை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையில் நசுக்கினாள். அது மாவாகக் கொட்டியது.

"இதுக்குக் கீழயா நான் ஒக்காந்திருப்பேன், மேடம்?" என்று லோயியிடம் கேட்டாள்.

லோயி ஆமென்று தலையாட்டினாள். நகிசிகே கையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய், சம்மட்டிக்காரர்களுக்கெல்லாம் ஒரு பானை தேநீர் போட்டு எடுத்துவந்தாள். வந்த அளவையாளரும் ஒரு குவளை குடித்துவிட்டு, முத்திரையைப் பையிலிருந்து எடுக்காமலேயே திரும்பினார்.

தோற்ற தூணை இடித்துக் கட்டவும் தளத்தை மறுபடி வார்க்கவும் பலிதாவா ஒரு லாரியை விற்றார். இந்த முறை கலவை இயந்திரத்தின் வாயிலிருந்தே கட்டிகளுக்கு அள்ளினார்கள். லோயி பக்கத்தில் நின்றாள். சோதனைக்கூடத்தில் இறக்கியதும் எல்லாம் கல்லைப் போல அடிக்குப் போயின. எதற்கும் இருக்கட்டும் என்று பலிதாவா "மகன்களும்" என்பதையும் அழித்துவிட்டிருந்தார். சந்தை திருவிழாவைத் தவறவிட்டு, அடுத்த அறுவடைக்குத் திறந்தது. மாமா வீட்டில் அன்று விருந்து. லோயிக்கு இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்துத் துணைக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. சோதனைப் படிவத்தில், பலம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், "மூழ்கியதா?" என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. இசபிரியே கம்பிவலைகளைக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டார். தொலைவிலுள்ள ஒப்பந்தக்காரர்கள் சில காலம் தங்கள் மாப்பிள்ளைகளைக் கள்ளத்தனமாக ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது. வலைமிதப்பாகும் கட்டி ஒன்று ஐயாயிரம் ஷில்லிங்குக்கு விற்றது, பிறகு பன்னிரண்டாயிரத்துக்கு, கடைசியில் விலைக்குக் கிடைக்கவே இல்லை. மீனவர் சங்கம் இதைப் பற்றி நகராட்சிக்கு இரண்டு முறை மனுக்கொடுத்தது. அளவெடுக்கப் போகும் வழியில் லோயி கரையைக் கடந்தால், முகோயா படகிலிருந்து கூப்பிடுவார்.

"மேடம், இந்தப் பக்கம் பொய் சொல்ற ஒப்பந்தக்காரர் ஒருத்தருமா இல்ல? ஒரு நாலு கட்டி போதும்."

"யாரும் சிக்கலியே முகோயா."

"என்ன காலமோ" என்று அவர் அலுத்துக்கொண்டு, காலி எண்ணெய் டப்பாக்களை வலையில் கட்டுவார். எதிரே மாடியில் பெண்கள் முகேனேயைக் கூவி விற்றுக்கொண்டிருப்பார்கள்.